போத்தல் மூடியிற் பூக்கோலம்

தென்னையின் அடியிற் சிந்திக் கிடக்கும் குரும்பட்டியையும் நாலு ஈர்க்கையும் கொண்டு தேர் கட்டி இழுத்த தலைமுறை ஒன்று நம்மிடையே இன்னும் இருக்கின்றது. பூவரசம் இலையைச் சுருட்டிக் குழல் ஊதியதும், பனையோலைக் கிழிப்பிலே முள்ளைக் குத்திக் காற்றாடி சுழற்றியதும், சிரட்டையில் மண்சோறு சமைத்ததும் அவர்களுக்கு விளையாட்டாக இருந்தன. இவற்றைக் கலையென்று அவர்கள் அழைத்தாரில்லை. கழிவிலிருந்து ஆக்கம் என்று பெருமை பேசினாருமில்லை. கைக்கு எட்டியதை எடுத்தார்கள். பொழுது போனதும் எறிந்தார்கள். எறிந்தது பத்து நாளிற் காய்ந்து, அடுத்த மாரியில் மண்ணோடு மண்ணாயிற்று.

இன்றைய பிள்ளையின் கைக்கு எட்டுவது யாது? யோகட் கோப்பை, சோடாப் போத்தல், அதன் மூடி, சவர்க்காரத் தூள் வந்த உறை, சந்தைக்குப் போய்வந்த பை. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகம் 46 கோடி தொன் பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்தது. அவ்வாண்டிற் கழிவாகிய பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு 9 பங்குதான் மறுபடியும் பயன்படு பொருளாயிற்று. ஆகவே, பிள்ளை எதைக்கொண்டு விளையாடும் என்ற வினாவுக்கு வீட்டின் குப்பைக்கூடையே விடை கூறுகின்றது. அதில் இழிவொன்றுமில்லை. பிள்ளையின் கற்பனைக்குக் குரும்பட்டியும் போத்தல் மூடியும் ஒன்றே. வேறுபாடு விளையாட்டு முடிந்த பின்னரே தோன்றுகின்றது. குரும்பட்டித் தேர் தானாக அழியும். போத்தல் தேர் அழியாது. அதைச் செய்த பிள்ளை வளர்ந்து, மணமுடித்து, பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னரும் அது எங்கேனும் ஒரு பள்ளத்தில் நிறம் மாத்திரம் மங்கிக் கிடக்கும்.

ஆதலின், பிளாஸ்டிக்கைக் கொண்டு செய்யும் கைவேலையிற் செய்து முடிப்பது பாதி வேலையே. செய்ததைப் பிரித்து உரிய இடத்திற் சேர்ப்பது மற்றைப் பாதி. இந்த இரண்டாம் பாதியைப் பற்றி நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பேச்சு மிகக் குறைவு.

யாருடைய கைவேலை?

கழிவுப்பொருட் கைவேலைக் கண்காட்சி என்றதும் பல வீடுகளில் நடப்பதைத் தாய்மார் நன்கு அறிவர். மாலை ஏழு மணிக்குப் பிள்ளை வந்து, "அம்மா, நாளைக்கு ரண்டு பெரிய போத்தல் கொண்டுவரட்டாம்" என்று சொல்லும். வீட்டிலே போத்தல் இராது. தகப்பனார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார். எவருக்கும் குடிக்க விருப்பமில்லாத சோடா இரண்டு வாங்கப்படும். அது பாதி வயிற்றுக்கும் பாதி கிணற்றடி வாழைக்கும் போகும். பின்னர் தாயார் வெட்டுவார், தகப்பனார் ஒட்டுவார், மினுங்குதூள் தூவப்படும். பிள்ளை ஒன்பது மணிக்கே உறங்கிவிடும். மறுநாட் கண்காட்சியிற் பரிசு பெறுவது பெற்றோரின் கைவண்ணம்.

இதிலே கழிவு குறைந்ததா என்று பார்த்தால், இல்லாத கழிவு ஒன்று புதிதாக உண்டாக்கப்பட்டிருப்பது புலனாகும். அதுவன்றி, கழுவிக் கொடுத்திருந்தால் ஆலைக்குப் போயிருக்கக்கூடிய நல்ல போத்தல், பசையும் நிறமைகளும் மினுங்குதூளும் கடதாசியும் பூசப்பெற்று, எவரும் வேண்டாத பண்டமாகிவிடுகின்றது. மினுங்குதூள் என்பது தானும் பொடியாக்கிய பிளாஸ்டிக்கே. ஐரோப்பிய ஒன்றியம் தூவும் பிளாஸ்டிக்கு மினுங்குதூளின் விற்பனையை 2023 ஒக்டோபரிலேயே கட்டுப்படுத்திவிட்டது.

ஒன்றை ஒளிவின்றிச் சொல்லிவிடவேண்டும். நம் பிள்ளைகள் ஆயிரம் போத்தலிற் பூச்செய்தாலும் நாட்டின் குப்பைமேடு ஒரு சாண் தாழப்போவதில்லை. 2017 ஏப்பிரல் 14 ஆம் நாள், புத்தாண்டுப் பொழுதில், கொழும்பு மீதொட்டமுல்லையிற் சரிந்து வீடுகளை மூடி உயிர்களைப் பலிகொண்ட குப்பைமலை, கைவேலை செய்யாமையால் உண்டானதன்று. 2021 மே மாதத்தில் நம் கடலிலே தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பலிலிருந்து சிந்திய 1,680 தொன் பிளாஸ்டிக்கு மணிகள் சரக்குவைக் கடற்கரையில் வெண்மணல்போற் குவிந்தனவே, அவற்றை எந்தப் பாலர் வகுப்பும் கோத்து மாலையாக்கிவிட முடியாது. பெரியோர் செய்த பிழைக்குச் சிறுவரின் பசைப்புட்டியைப் பரிகாரமாகக் காட்டுவது நேர்மையாகாது.

அப்படியாயின் இந்தக் கைவேலை எதற்காக? பிள்ளையின் கண்ணுக்காகவும் கைக்காகவும் என்பதே எமது விடை. எறிவதற்கு முன் ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்கும் கண்ணும், அது எதனால் ஆயது, எப்படி வளையும், எங்கே போகும் என்று அறியும் கையும் சிறுவயதிலே வாய்த்தால், அவை பின்னர் மறைவதில்லை. இந்தியாவிலே பொறியியலாளர் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் பழைய போத்தலையும் கொண்டு நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருட்களைச் செய்து காட்டியது இந்த நோக்கத்துடனேயே. 2018 இல் அவருக்குப் பத்மஶ்ரீ விருது வழங்கப்பட்டது. இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்னும் நகரத்தில் 1996 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரெமிடா என்னும் நிலையம் தொழிற்சாலைகள் கழித்துவிட்ட பண்டங்களைப் பெற்று, வகை வகையாகத் தட்டுக்களில் அடுக்கிப் பாலர் பள்ளிகளுக்குக் கொடுக்கின்றது. குப்பையைக் குப்பையாகக் குவிக்காமற் பண்டமாக அடுக்கி வைத்தால், பிள்ளையும் அதைப் பண்டமாகவே பார்க்கும். நம் வீட்டிலும் இதற்கு வேண்டியது ஒரு பழைய பிஸ்கற் பேணியும் இரண்டு மூன்று கடதாசிப் பெட்டிகளுமே.

இருபத்தைந்து மூடிகள்

முதன்முதலிற் செய்யத்தக்கது போத்தல் மூடிக் கோலம். இதற்குப் பசை வேண்டா, கத்தரிக்கோல் வேண்டா, காசும் வேண்டா. மூடிகளைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தி, நிறம் நிறமாகப் பிரிக்கும்படி பிள்ளைகளிடம் விடவேண்டும். சிவப்பும் நீலமும் பிரிப்பது எளிது; பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட நிறத்தை எந்தக் குவியலிற் போடுவது என்பதிலேதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் வழக்குப் பிறக்கும். அந்த வழக்கைத் தீர்த்துவைக்கப் பெரியவர்கள் அவசரப்படக்கூடாது. நிறத்தைப் பற்றிய பாடம் அந்த வாக்குவாதத்திலேதான் இருக்கின்றது. பிரித்தானியச் சிற்பி ரோனி கிராக் 1978 ஆம் ஆண்டில் ஆக்கிய புகழ்பெற்ற படைப்பொன்றும் இத்தகைய பிரித்தலினால் உண்டானதே. எறியப்பட்ட பிளாஸ்டிக்குத் துண்டுகளைப் பொறுக்கிவந்து, நியூற்றன் கண்ட வானவில் நிறவரிசைப்படி நிலத்திலே பரப்பினார் அவர். அதில் ஒட்டியது ஏதுமில்லை, எல்லாம் வைத்ததே.

பிரித்தபின் விறாந்தையிலே கோலம் இடலாம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று புள்ளி வைக்கும் சிறு கோலத்துக்கு 25 மூடிகள் போதும். அம்மம்மா மாவினால் இடும் கோலத்தில் புள்ளியைப் பிழையாக வைத்தால் அழிக்கவேண்டும். மூடிக் கோலத்திலோ பிள்ளை விரலால் நகர்த்தித் திருத்திக்கொள்ளும். எண்ணுதலும், இடமும் வலமும் ஒத்திருத்தலும், நடுப்புள்ளியிலிருந்து விரிதலும் எவரும் போதிக்காமலே விளங்கிவிடும். காலையில் இட்ட கோலம் மாலையிற் கலைவது நம் வழக்கம்; அதற்காக எவரும் வருந்துவதில்லை. அதுபோலவே மாலையானதும் மூடிகள் பேணிக்குத் திரும்பும். அழியாத பொருளைக்கொண்டு அழிகின்ற கோலத்தை இடுவதிலுள்ள நயத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியதில்லை. அவர்கள் மறுநாள் வேறு கோலம் இடுவார்கள்.

மூடிகள் தண்ணீரிலும் ஒரு வித்தை காட்டும். போத்தலிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டியெடுத்து, அதனையும் ஒரு மூடியையும் வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றுக் குமிழ் போனபின் விட்டுவிடுங்கள். மூடி மிதக்கும், போத்தற்றுண்டு தாழும். இரண்டும் பிளாஸ்டிக்கே எனினும் ஒரே பிளாஸ்டிக்கன்று. மறுசுழற்சி ஆலைகளிற் போத்தலையும் மூடியையும் சேர்த்து நறுக்கித் தொட்டியிலிட்டுப் பிரிப்பதும் இந்த உபாயத்தினாலேயே. பின்பு போத்தலின் அடியிலே முக்கோணத்துள் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சோடாப் போத்தலில் 1 என்றிருக்கும். 1988 இல் வழக்குக்கு வந்த இவ்விலக்கங்கள் 1 முதல் 7 வரை உள்ளன. எழுத்துக் கூட்டக் கற்கும் பிள்ளைக்கு வீட்டுப் பண்டங்களில் இலக்கம் தேடுவது ஒரு பொழுதுக்குப் போதிய விளையாட்டு.

ஐந்து இதழ்கள்

சோடாப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஐந்து பாதங்கள் தோன்றும். தட்டில் நிறமையைக் குழைத்து, அந்த அடியைத் தோய்த்துக் கடதாசியில் ஒற்றினால், ஐந்து இதழ்ப் பூவொன்று மலர்ந்துவிடும். சிவப்பில் ஒற்றினாற் செவ்வரத்தை. ஊதாவில் ஒற்றினால் நித்தியகல்யாணி. போத்தலை வெட்டவேண்டியதுமில்லை, ஒற்றிய பின் கழுவிவிடலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கும் போத்தலின் கழுத்து நல்ல கைப்பிடியாகும். பழைய செய்தித்தாளில் ஒற்றினால் அன்பளிப்புப் பொதிக்கு உறையாகும்; வெள்ளைக் கடதாசியில் ஒற்றினாற் பெரியம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாம்.

அடியில் ஏன் ஐந்து பாதம் என்று பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். சோடாவின் வாயு உள்ளிருந்து தள்ளுவதால் தட்டையான அடி புடைத்துப் போத்தல் சரிந்துவிடும். தொடக்க காலத்திற் சோடாப் போத்தல்கள் உருண்டையான அடியுடன் வந்தன. நிற்பதற்காக வேறொரு கிண்ணம் கீழே பொருத்தப்பட்டது. ஐந்து பாதங்களாக வார்க்கும் முறை வந்ததும் கிண்ணம் மறைந்தது. பிளாஸ்டிக்குச் சோடாப் போத்தலுக்கு 1973 இல் உரிமம் பெற்ற அமெரிக்கரான நதானியேல் வயத் ஓர் ஓவியக் குடும்பத்திற் பிறந்தவர் என்பது சுவையான செய்தி. தந்தையார் கதைநூல்களுக்குச் சித்திரம் வரைந்து பேர்பெற்றவர். தம்பியார் அன்ட்ரூ வயத் அந்நாட்டின் தலைசிறந்த ஓவியருள் ஒருவர். ஓவியர் வீட்டிலிருந்து வந்த போத்தல், நம் பிள்ளையின் கையில் மறுபடியும் சித்திரம் வரைகின்றது.

போத்தலின்மேலேயே நிறந்தீட்ட விரும்புவோர், நீர்வர்ணம் அதில் வழுகியோடும் என்பதை அறிந்திருத்தல் நலம். மேற்பரப்பை மணற்கடதாசியால் மெல்ல உரைத்துவிட்டுத் தீட்டினால் ஓரளவு பற்றும். விலைச்சீட்டின் பசை போகாதவிடத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தாற் போய்விடும். கொதிநீரை ஊற்றினாற் போத்தல் சுருங்கிக் கோணிப்போகும், இளஞ்சூடு போதும்.

அப்பாச்சியின் பின்னல்

பொலித்தீன் பையைக் குறுக்காக இரண்டு விரல் அகலத்திற்கு வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். ஒன்றினுள் ஒன்றைக் கோத்து இழுத்தால் நீண்ட நாடாவாகும். மூன்று நாடாக்களை ஒருங்கே முடிந்து கதிரைக்காலிற் கட்டி, தலைபின்னுவதுபோற் பின்னிக்கொண்டே போகலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது வெகு விரைவிற் கைவரும். பின்னலை வட்டமாகச் சுருட்டி நூலினாற் தைத்தால் பொம்மைக்குப் பாயாகும். பெரிதாகத் தைத்தாற் கிணற்றடியிற் கால்மிதியாகும். சுடுசட்டியை மாத்திரம் அதன்மேல் வைத்தலாகாது.

இவ்வேலையில் வீட்டிலே தேர்ந்த ஆசான் அப்பாச்சியே. பனையோலை வார்ந்து பெட்டியும் கடகமும் இழைத்த கை, பிற்காலத்திற் பிளாஸ்டிக்கு வயரிலே கூடை பின்னிய கை அது. பொதிகளைக் கட்டிவரும் தடித்த பிளாஸ்டிக்கு நாடாவைக் கடைக்காரர்கள் எறிந்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு வாங்கிவந்து கொடுத்தால், ஓலைக்குரிய அதே இழைப்பில் உறுதியான கூடை ஒன்று உருவாகும். அது விளையாட்டுப் பொருளன்று. ஆண்டுக்கணக்கிற் சந்தைக்குப் போய்வரும். கண் மங்கிய முதியவரும் விரல் பழகாத சிறுவரும் ஒரே திண்ணையிலிருந்து ஒரே பொருளைச் செய்யும் வாய்ப்பு இந்நாட்களில் எளிதிற் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடக் கண்காட்சிகளிற் பெற்றோரின் கையைக் காட்டிலும் பாட்டியின் கையும் பேரப்பிள்ளையின் கையும் சேர்ந்த வேலைக்கு மதிப்புக் கொடுத்தால் நன்று.

போத்தலிலே பயறு, மணல், புளியங்கொட்டை என ஒவ்வொன்றிட்டுக் கிலுக்குவதும், யோகட் மூடியிற் காற்றாடி செய்வதும் எல்லோரும் அறிந்தவை. அவற்றை விரிக்கவில்லை.

தாய்மார் கவனத்துக்கு

மூன்று வயது நிரம்பாத குழந்தை இருக்கும் வீட்டில் மூடிப் பேணி உயரத்தில் இருக்கவேண்டும். சோடா மூடியின் குறுக்களவு ஏறக்குறைய 30 மில்லிமீற்றர். குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடிய பொருளா என்று விளையாட்டுப் பண்டங்களைச் சோதிக்கும் குழாயின் அகலம் 31.7 மில்லிமீற்றர். மூடி அதனுள் இலகுவாக நுழைந்துவிடும் என்பது இதனாற் பெறப்படும். பொலித்தீன் பையைத் தலையிற் கவிழ்த்து விளையாட எந்த வயதிலும் விடக்கூடாது.

கிருமிநாசினி, களைநாசினி, அமிலம், மண்ணெண்ணெய் முதலியன இருந்த போத்தல்களை எவ்வளவு கழுவினாலும் கைவேலைக்கு எடுக்கலாகாது. வெங்காயத் தோட்டமும் வயலும் உள்ள வீடுகளில் இதனைப் பன்முறை சொல்லவேண்டும். நிறம் அழகாயிருக்கிறதென்று பிள்ளை பொறுக்கிவரும். போத்தலை வெட்டும் வேலை பெரியவர்க்குரியது. வெட்டிய விளிம்பிலே ஒட்டுநாடாவை மடித்து ஒட்டியபின்பே பிள்ளையின் கையிற் கொடுக்கவேண்டும். துளையிடுவதற்குப் பலகைமேல் வைத்து ஆணியும் சுத்தியலும் போதும்.

நெருப்பு அறவே வேண்டா. மெழுகுதிரியிற் காட்டிப் பிளாஸ்டிக்கை உருக்கி இதழ் வளைக்கும் முறையொன்று பரவியிருக்கின்றது. உருகும் பிளாஸ்டிக்கின் புகை சிறுவரின் நெஞ்சுக்கு ஆகாது. உருகிய துளி தோலில் ஒட்டினால் உரித்தெடுக்க இயலாது. மிச்சத் துண்டுகளைக் கூட்டி முற்றத்து மூலையில் எரிப்பதும் அவ்வாறே தீது. 3 என்ற இலக்கமுடைய பிளாஸ்டிக்கு எரியும்போது அமில ஆவியும் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சும் எழும். திறந்த வெளியிற் பிளாஸ்டிக்கு எரித்தல் 2017 முதல் நம் நாட்டிற் சட்டத்தாலும் தடுக்கப்பட்டிருக்கின்றது.

இன்னொன்று நுளம்பு. வேலியிலே தொங்கவிட்ட போத்தற் பூச்சாடியும், முற்றத்தில் மறந்துபோன யோகட் கோப்பையும், மல்லாந்து கிடக்கும் மூடியும் மாரி பெய்ததும் டெங்கு நுளம்பின் தொட்டில்களாகும். 2017 இல் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். வீட்டுக்கு வெளியே வைக்கும் எதற்கும் அடியிலே துளை இருத்தல் வேண்டும். துளையிட முடியாததை வெளியே வைக்கவேண்டா.

பிரித்து வைத்தல்

பிரிக்கவேண்டிய பொருளை ஒட்டுவது வீண்வேலை. ஆகையாற் கட்டுங்கள், கோருங்கள், செருகுங்கள். பசையைக் கடைசியாக நாடுங்கள். இரண்டு போத்தலை இணைக்கவேண்டுமாயின் ஒன்றின் வாயை மற்றையதன் வெட்டிய அடியிற் செருகினாற் போதும். கண்ணும் மூக்கும் வேண்டுமாயிற் கடதாசியிலே வரைந்து நூலினாற் கட்டலாம். செய்த பொருள் பத்து நாள், இருபது நாள் மேசையில் இருக்கட்டும். பிள்ளைக்கு அதில் ஆசை குறைந்ததும், அதனிடம் கேட்டு, அதன் கையாலேயே பிரிக்கச் செய்யவேண்டும். பிள்ளை உறங்கும்போது ஒளித்தெறிவது துரோகம். மனம் ஒப்பாவிட்டால் ஒரு படம் எடுத்துவைக்கலாம்.

பிரித்த போத்தலை அலசி, நசுக்கி, மூடியை வேறாக்கி, உள்ளூராட்சி மன்றத்தார் தரம் பிரித்து எடுக்கும் நாளிற் கொடுக்கலாம். அவ்வசதியில்லாத ஊர்களிற் பழைய போத்தல் வாங்கும் வியாபாரியிடம் கொடுக்கலாம். அப்போது பிள்ளையும் உடன் நிற்கட்டும். போத்தல் போய் என்னவாகும் என்று கேட்டால், 2019 உலகக் கிண்ணப் போட்டியில் நம் கிரிக்கெற் வீரர்கள் அணிந்த மேற்சட்டையைச் சொல்லுங்கள். கடற்கரையிற் பொறுக்கிய பிளாஸ்டிக்குக் கழிவிலிருந்து நூல் இழைத்து நெய்யப்பெற்று, கடலாமையின் உருவம் தாங்கியது அச்சட்டை. போத்தல் நூலாகும் என்பதை நம்ப மறுக்கும் சிறுவனும் அதன் படத்தைக் கண்டால் வாய்பிளப்பான்.

தைப்பொங்கற் காலையில் மூடிக் கோலம் இடவேண்டுமாயின் மூடிகளை இப்போதே சேர்க்கத் தொடங்குதல் நன்று. 25 மூடிகளுக்காக 25 சோடா வாங்கவேண்டா. அயல்வீட்டு மாமிக்கும், சந்தித் தேநீர்க்கடைக்காரருக்கும், கலியாணம் நடக்கவிருக்கும் வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேட்கப் போவது பிள்ளையாக இருக்கட்டும். இல்லையென்று சொல்ல எவருக்கும் மனம் வராது.